குறிஞ்சியும் செங்காந்தளும்: இரண்டில் எது ஆபத்தில் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கப் பாடல்களில் மலைநிலத்தைச் சொல்ல வந்தால் இந்த இரண்டு பூக்களில் ஒன்றாவது எட்டிப் பார்க்கும். ஒன்று அந்த நிலத்துக்கே பெயர் கொடுத்தது. மற்றது இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பூ. இரண்டையும் பற்றி "அழியப் போகிறது" என்று ஒரு செய்தியும் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று இன்னொரு செய்தியும் மாறி மாறி வருவதால், வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது ஆபத்தில் இருக்கிறது?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலைக் கேட்டால், குறிஞ்சி. 2024-இல் அதை "அழியவாய்ப்புள்ள இனம்" என்ற வகையில் சேர்த்தார்கள். செங்காந்தள் அதே பட்டியலில் "கவலை குறைந்த இனம்". ஆனால் உங்கள் ஊர்க் குன்றில் எது முதலில் காணாமல் போகும் என்று கேட்டால், பட்டியல் உதவாது. அது செங்காந்தளாகவும் இருக்கலாம். ஏன் என்பதுதான் கீழே உள்ள பதில்களில் பாதி.

எந்தக் குறிஞ்சியைச் சொல்கிறீர்கள்? ஆண்டுதோறும் எங்கேயாவது குறிஞ்சி பூத்ததாகச் செய்தி வருகிறதே?

நீலக்குறிஞ்சி. அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது இதுதான்.

ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் இந்தியாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. சில ஆண்டுதோறும் பூக்கும், சில பல ஆண்டு இடைவெளி விடும். மும்பைப் பக்கத்து மலைகளில் உள்ள கார்வி 8 ஆண்டுக்கு ஒருமுறை. 2016-இல் பூத்தது, அப்புறம் 2024-இல். பல இனங்களின் பூ ஊதாவாக, மணி போல இருப்பதால் படம் பார்த்தவுடன் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீலக்குறிஞ்சியிலேயே எல்லாக் குன்றும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை. பெருங்கூட்டம் 1994, 2006, 2018 என்று வந்தாலும், சில இடங்களில் ஒரு கூட்டம் தனக்கென்று வேறு ஆண்டுக் கணக்கு வைத்திருக்கும். ஆகவே இடைப்பட்ட ஆண்டில் வரும் செய்தி எல்லாமே பொய் என்றும் தள்ளிவிட முடியாது. எந்த இனம் என்று தாவரவியலாளர் பார்த்துச் சொல்லியிருக்கிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு எல்லாம் ஒரே செடியா?

ஒரே செடிதான், குளோரியோசா சூப்பர்பா. இலக்கியத்தில் காந்தள், செங்காந்தள். இலங்கைத் தமிழரிடம் கார்த்திகைப்பூ. பயிரிடும் விவசாயிகளிடம் கண்வலிக்கிழங்கு. கிழங்கின் வடிவத்தைப் பார்த்துக் கலப்பைக் கிழங்கு என்பவர்களும் உண்டு.

இரண்டும் எங்கெங்கே வளர்கின்றன?

இரண்டின் நிலைமையும் இவ்வளவு வேறுபடுவதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது.

செங்காந்தளுக்கு உலகம் பெரிது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று பரந்து கிடக்கிறது. ஜிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுதான். அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்தபோது, 1947-இல் அங்கே போன இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூவின் வடிவில் வைர அணி ஒன்றைப் பரிசளித்தார்கள். நம் பக்கத்தில் கடலோர மணல், வேலியோரப் புதர், இலையுதிர் காடு, மலையடிவாரம் என்று எங்கும் படரும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும், பக்கத்தில் ஒரு குச்சி இருந்தால் போதும்.

குறிஞ்சிக்கு உலகம் என்பது தென்னிந்தியாவின் சில மலை உச்சிகள் மட்டுமே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,340 முதல் 2,600 மீட்டர் உயரத்துக்குள், சோலைக்காடும் புல்வெளியும் கலந்து கிடக்கும் இடங்களில் வளர்கிறது. 2024 மதிப்பீட்டில் மொத்தம் 34 துணைக்கூட்டங்களைக் கணக்கெடுத்தார்கள். அதிகம் இருப்பது நீலகிரியில். அடுத்து மூணாறு, பழனி மலை–கொடைக்கானல், ஆனைமலைப் பகுதிகள். 34-இல் 33 மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவை.

மீதி ஒன்று எங்கே?

ஏற்காட்டில். சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மற்ற 33-லிருந்தும் விலகி, தனித்து நிற்கும் கூட்டம் அது. அங்கே ஏதாவது ஆனால் பக்கத்து மலையிலிருந்து விதை வந்து நிரப்பும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சிவப்புப் பட்டியல் என்றால் என்ன? யார் தீர்மானிக்கிறார்கள்?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் நடத்தும் பட்டியல் அது. ஓர் இனம் உலகத்திலிருந்தே மறைந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அளவிட்டு வகை பிரிக்கிறது. கவலை குறைந்தது, அச்சுறு நிலையை நெருங்கியது, அழியவாய்ப்புள்ளது, அருகியது, மிக அருகியது என்று ஏறிக்கொண்டே போய், இயற்கையில் அற்றுப்போனது, முற்றிலும் அற்றுப்போனது என்று முடியும். தரவு போதாதவை, இன்னும் மதிப்பிடாதவை என்று இரண்டு வகைகள் தனியே உண்டு. நடுவில் உள்ள மூன்றைத்தான், அதாவது அழியவாய்ப்புள்ளது, அருகியது, மிக அருகியது ஆகியவற்றைத்தான் "அச்சுறுத்தலுக்கு உள்ளானவை" என்று சேர்த்துச் சொல்கிறார்கள்.

"உலகத்திலிருந்தே" என்ற சொல்லை மறந்துவிட்டுப் படிப்பதால்தான் செங்காந்தள் பற்றி இவ்வளவு குழப்பம்.

குறிஞ்சி இவ்வளவு புகழ் பெற்ற செடி. 2024 வரை அதை மதிப்பிடவே இல்லையா?

இல்லை. அந்தப் பட்டியலின் விதிமுறைப்படி நடந்த முதல் உலகளாவிய மதிப்பீடு அதுதான். கேட்கவே வியப்பாக இருக்கும். சுற்றுலாத் துறைகள் விளம்பரம் செய்த பூ, ஆயிரக்கணக்கானோர் போய்ப் படமெடுத்த பூ. ஆனால் பூக்காத ஆண்டுகளில் நீலக்குறிஞ்சி பச்சைப் புதர், அவ்வளவுதான். புல்வெளிச் சரிவில் அதைப் பார்த்து இது இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்லப் பயிற்சி வேண்டும். பூத்திருக்கும் இரண்டு மூன்று மாதங்களில் எல்லா மலைக்கும் போய்க் கணக்கெடுக்கவும் முடியாது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே எளிதில் அடையாளம் தெரியும் செடியை மதிப்பிடுவது பொறுமை தேவைப்படும் வேலை.

"அழியவாய்ப்புள்ளது" என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள்?

குறிஞ்சிக்குக் கொடுத்திருக்கும் குறியீடு ஏ2சி. வாழிடம் சுருங்கியதையும் அதன் தரம் கெட்டதையும் வைத்து, இனத்தின் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணிப்பது இதன் பொருள். பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடாவது குறைந்திருந்தால் இந்த வகை. 50-ஐத் தாண்டினால் அருகிய இனம், 80-ஐத் தாண்டினால் மிக அருகிய இனம். குறிஞ்சியின் வாழிடத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு போய்விட்டது என்பது மதிப்பீடு.

தலைமுறை என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓராண்டில் பூத்துக் காய்த்து முடியும் செடிக்கு மூன்று தலைமுறை என்பது மூன்று ஆண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை விதை விடும் செடிக்கு 36 ஆண்டு. மனிதர் பார்வையில் "ரொம்ப காலத்துக்கு முன்னால் நடந்த" நில மாற்றம், குறிஞ்சிக்கு இரண்டு மூன்று பூப்புக்கு முன்னால் நடந்த சங்கதி.

அந்த 40 விழுக்காடு எங்கே போனது?

தேயிலைத் தோட்டமாக, கட்டடமாக, சாலையாக ஒரு பகுதி போனது. இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது மரம்.

ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கும் பழனி மலைக்கும் வந்தபோது, மரமில்லாத புல்வெளிச் சரிவுகளைப் பார்த்து, காடு அழிந்த தரிசு என்றே நினைத்தார்கள். விறகுக்கு ஆகட்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. தோல் பதனிட உதவும் பட்டைக்கும், செயற்கைப் பட்டு இழைக்கான கூழுக்கும் என்று அரசே பெருமளவில் நட்டது. புல்வெளி என்பது காடு இல்லாத இடம், அதைக் காடாக்குவது நல்ல காரியம் என்ற நம்பிக்கையில் நடந்த வேலை இது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோப்பாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டதைக் காட்டியது.

சீகையின் தொல்லை நட்டதோடு முடிவதில்லை. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் தீ வைத்தாலும் கூட்டமாக முளைக்கும். நிழல் விழுந்த இடத்தில் புல் போகும், வெயில் பழகிய குறிஞ்சியும் போகும். இன்று நடுவதை நிறுத்திவிட்டாலும் அது தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது.

மலை உச்சிப் புல்வெளியில் மரம் நடும் விழாக்களை இன்றும் பார்க்கிறோம். நடுபவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குறிஞ்சிக்கு அதைவிடக் கெடுதலான உதவியை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம்.

கூட்டமாகப் பூத்து, விதை விட்டு, அப்படியே செத்துப்போவது குறிஞ்சிக்குப் பலமா, பலவீனமா?

நல்ல நிலைமையில் பலம், கெட்ட நிலைமையில் பலவீனம்.

விதை தின்னும் பூச்சிகளும் சிறு விலங்குகளும் எவ்வளவுதான் தின்னும்? மலை முழுக்க ஒரே நேரத்தில் விதை கொட்டினால் அவற்றால் தின்று தீர்க்க முடியாது, மீதி முளைக்கும். 11 ஆண்டு வெறுமனே இருப்பதால், அந்த விதையை மட்டுமே நம்பி எந்தப் பூச்சியும் பெருகவும் முடியாது. தேனீக்களுக்குப் பெருவிருந்து, பூத்த ஆண்டில் மலைத்தேன் அடைகள் நிறைந்துவிடும். குறிஞ்சித் தேனைச் சங்கப் புலவர்கள் பாடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சரி, பலவீனம் என்ன? தாய்ச்செடி எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும். அதன் பிறகு அந்தக் குன்றில் குறிஞ்சி என்று இருப்பது விதையும் நாற்றும் மட்டும்தான். அடுத்த மழைக்கு முளைக்கும் சின்ன நாற்றுகள் மேல் தீ பரவினாலோ, வண்டி ஏறினாலோ, அங்கே நிலத்தைத் திருத்தினாலோ, மறுபடி முயல அந்தக் கூட்டத்திடம் எதுவும் மிச்சம் இருக்காது. மா மரத்துக்கு ஓராண்டு காய்ப்பு போனால் அடுத்த ஆண்டு உண்டு. குறிஞ்சிக்கு அந்த ஓர் ஆண்டு போனால் அந்த இடத்தில் வரலாறே முடிந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. பூக்காத ஆண்டுகளில் ஒரு சரிவை அழித்தால், இங்கே குறிஞ்சி இருந்தது என்று யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். அடுத்த பூப்பில் அந்தச் சரிவு பச்சையாகவே இருக்கும்போதுதான் உள்ளூர்க்காரர் யாராவது "இங்கேயும் பூக்குமே" என்பார்.

2018-இல் மூணாற்றில் எதிர்பார்த்த அளவு இல்லை என்றார்களே, அது அழிவின் அறிகுறியா?

அந்த ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். சரியாகப் பூக்கும் நேரத்தில் விடாத மழை. பூப்பும் பாதித்தது, பார்க்கப் போகும் வழியும் அடைபட்டது. ஒரு பருவத்தின் மழையை மட்டும் வைத்து இனத்தின் போக்கைச் சொல்ல முடியாது. ஆனால் பூக்கும் மாதங்களில் இப்படிப்பட்ட மழை திரும்பத் திரும்ப வந்தால் என்ன ஆகும் என்பது கவலைக்குரிய கேள்வி. மதிப்பீடும் காலநிலை மாற்றத்தை அச்சுறுத்தல்களில் ஒன்றாகச் சொல்கிறது. கீழே வெப்பம் கூடினால் செடிகள் மேலே ஏறும் என்பார்கள். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் செடி எங்கே ஏறும்?

செங்காந்தள் "அழியும் நிலையில்" இருப்பதாகப் பல கட்டுரைகளில் படித்தேன். பட்டியல் வேறு மாதிரி சொல்கிறதே?

இரண்டு விஷயங்களைக் கலந்து எழுதுவதால் வரும் முரண் இது. உலக அளவில் இனத்துக்கு ஆபத்து இல்லை. இந்தியாவின் பல பகுதிகளில் காட்டுச் செடிகள் குறைந்துவிட்டன என்பதும் உண்மை. மூலிகைகளைப் பற்றி மாநிலம், வட்டாரம் என்ற அளவில் செய்யும் மதிப்பீடுகள் உலகப் பட்டியலிலிருந்து வேறுபடலாம், வேறுபடவும் செய்கின்றன. கட்டுரை எழுதுபவர் இந்த இரண்டாவது தகவலை எடுத்து, முதல் பட்டியலின் பெயரைப் போட்டுவிடுகிறார். அதை இன்னொருவர் எடுத்து எழுத, அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. தவறான ஆதாரத்தோடு சொன்னாலும், கவலைப்பட வேண்டிய விஷயம் இருக்கத்தான் செய்கிறது.

செங்காந்தளுக்கு என்னதான் ஆபத்து?

கிழங்கு. மற்ற எதையும் விட இதுதான்.

செடி மழைக்கு முளைத்து, படர்ந்து, பூத்து, காய்த்ததும் மேல்பகுதி காய்ந்துவிடும். கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு வற்றி, அதன் இடத்தில் கவை போல் பிரிந்த புதுக் கிழங்கு உருவாகும். ஆகவே கிழங்கைத் தோண்டினால் செடியின் ஒரு பாகத்தை எடுத்ததாக ஆகாது, மொத்தச் செடியும் போய்விட்டது. பூவைப் பறித்தால் அந்த ஆண்டு விதை மட்டும் போகும்.

அதைத் தோண்டக் காரணம் கொல்சிசின் என்ற வேதிப்பொருள். கீல்வாத வகைகளில் ஒன்றான கவுட் நோய்க்கு அது மருந்து. செடி வளர்ப்பு ஆய்வில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் பயன்படுகிறது. ஐரோப்பாவில் கொல்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து எடுப்பார்கள். நம் பக்கம் செங்காந்தள் விதை அதற்கு நல்ல மூலப்பொருள். நாட்டு மருத்துவத்துக்கும் நெடுங்காலமாகக் கிழங்கு எடுக்கிறார்கள்.

இப்போதுதான் வயலிலேயே பயிரிடுகிறார்களே. காட்டுச் செடி தப்பித்துவிடும் அல்லவா?

தப்பித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு முக்கியப் பணப்பயிர். ஆடியை ஒட்டி நட்டு, பந்தலில் ஏற்றி, மார்கழி தை வாக்கில் காய் பறிப்பார்கள். விதைதான் விலை போகும் பொருள். பூவின் சூலகத் தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்திலிருந்து விலகி நிற்பதால், காய்ப்பு கூட வேண்டுமென்று காலையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். உழைப்பு அதிகம், விலையோ ஓராண்டு ஏறும், ஓராண்டு விழும்.

சிக்கல் நடவில் இருக்கிறது. விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். கிழங்கை நட்டால் அதே பருவத்தில் பூக்கும். ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ விதைக்கிழங்கு தேவை. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் புதிதாகப் பலர் பயிரில் இறங்குவார்கள், விதைக்கிழங்குக்குத் தட்டுப்பாடு வரும், அப்போது காட்டிலும் வேலியோரத்திலும் கடலோரத்திலும் தோண்டிக் கொண்டுவந்து விற்பார்கள். சாகுபடி காட்டைக் காப்பாற்றும் என்ற வாதம், விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடன் ஆட்டம் காணும்.

இதற்கு வழி இருக்கிறது. வயலில் பெருகிய கிழங்கையே மறுநடவுக்கு வைப்பது, விதை நாற்றங்கால், திசு வளர்ப்பு ஆகியவை சாத்தியமானவைதான். விவசாயியின் மேல் மட்டும் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சான்று பெற்ற விதைக்கிழங்கு கட்டுப்படியான விலையில் கிடைத்தால் யாரும் காட்டுக்குப் போய்ப் பள்ளம் தோண்ட மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் இதையே களை என்கிறார்களாமே?

ஆமாம். அழகுக்காகக் கொண்டுபோனது, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை மணல்மேடுகளில் பரவி, உள்ளூர்ச் செடிகளை அமுக்குகிறது. அங்கே பிடுங்கி எறியத் திட்டம் போடுகிறார்கள். அவர்கள் ஊரிலிருந்து வந்த சீகை இங்கே குறிஞ்சியை அமுக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கணக்கு நேராகிவிட்டது என்று சிரிக்கத் தோன்றும்.

செங்காந்தள் உண்மையிலேயே விஷமா?

கொடிய விஷம். செடி முழுவதிலும் கொல்சிசின் உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு உள்ளுறுப்புகள் வரிசையாகப் பழுதாகும். பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து முடி கொட்டுவதும் உண்டு. கைவசம் தயாராக உள்ள முறிமருந்து என்று எதுவும் இல்லை. கொஞ்சமே தின்றிருந்தாலும், அறிகுறி தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "பாட்டி வைத்தியத்தில் சேர்ப்பார்களே" என்று வீட்டில் முயல வேண்டாம்.

சட்டம் இவற்றைக் காக்கிறதா?

குறிஞ்சிக்கு நேரடிக் காப்பு உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, மூன்றாம் அட்டவணையில் உள்ள தாவரங்களில் நீலக்குறிஞ்சியும் ஒன்று. பிடுங்குவது, சேதப்படுத்துவது, விற்பது குற்றம். சிறைத்தண்டனை வரை போகலாம்.

செங்காந்தளைப் பட்டா நிலத்தில் பயிரிடத் தடை இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றித் தோண்டினால் அது வனச் சட்டப்படி குற்றம். ஆனால் காட்டுக்கு வெளியே, புறம்போக்கிலும் வேலியோரத்திலும் வளர்வதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இந்தச் செடியின் கணிசமான பகுதி இருப்பது அங்கேதான். மாநிலப் பூ என்ற பட்டம் மரியாதைக்குச் சரி, காவலுக்கு உதவாது.

குறிஞ்சிக்கென்று சரணாலயம் இருக்கிறதா?

இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டக்காம்பூர் கிராமங்களில் 32 சதுர கிலோமீட்டரை, 2006-இல், அந்த ஆண்டுப் பூப்பை ஒட்டிக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தார்கள். எல்லையும் பட்டாக்களும் தொடர்பான தகராறு நெடுங்காலம் இழுத்தது. இரவிகுளம், முக்குருத்தி தேசியப் பூங்காக்கள் வரையாட்டுக்காகப் பெயர் பெற்றவை என்றாலும், புல்வெளியைக் காத்ததன் பலன் குறிஞ்சிக்கும் கிடைத்தது. எனக்குத் தெரிந்தவரை குறிஞ்சிக்குப் பலனளிக்கும் வழியும் அதுதான்: புல்வெளியைப் புல்வெளியாக விடுவது, சீகையைப் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அகற்றுவது.

பூப் பறிப்பதால் குறிஞ்சி அழிகிறதா?

ஒரு கை பூவால் இனம் அழியாது. ஆனால் ஒரு பூப்பருவத்துக்கு வரும் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கிளை ஒடித்தால், சாலையோரக் கூட்டங்கள் விதை இல்லாமல் போகும். அவற்றுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது. பறிப்பதைவிட மோசம், செடிகளுக்கு நடுவே நடப்பதும் வண்டியை ஏற்றுவதும்.

வீட்டில் வளர்க்கலாமா?

குறிஞ்சி வேண்டாம். சட்டமும் விடாது, சமவெளி வெயிலும் விடாது.

செங்காந்தள் நன்றாக வளரும். வயலில் பெருக்கிய கிழங்கா என்று கேட்டு வாங்குங்கள். குழந்தைகள், ஆடு மாடு, நாய் எட்டாத இடமாக இருக்கட்டும். கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். கோடையில் மேலே காய்ந்ததும் செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிட வேண்டாம். தண்ணீரைக் குறைத்து அப்படியே விட்டால் மழைக்கு வரும்.

2030-இல் குறிஞ்சி பார்க்கப் போக நினைக்கிறோம். எப்போது போகலாம்?

பூப்பு பெரும்பாலும் ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை போகும், ஆகஸ்டும் செப்டம்பரும் உச்சம். மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு சில வாரம் முன்பின் ஆகும். தேசியப் பூங்காக்களில் நாளுக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு வரும் என்று எதிர்பார்த்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வனத்துறை விட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம். முடிந்தால் 2031-லும் ஒருமுறை அதே சரிவுக்குப் போய்ப் பாருங்கள். படம் எடுக்க எதுவும் இருக்காது. காய்ந்த குச்சிகளுக்கு அடியில் நாற்று முளைத்திருக்கிறதா என்று மட்டும் பாதையில் நின்றே பார்த்து, இல்லையென்றால் அங்குள்ள வன அலுவலரிடம் சொல்லுங்கள்.